முகத்துவாரத்தின் கலப்பெண் கணக்கு

எழுபதுகளின் இறுதியில் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தில் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிக் கணக்கிடுவது என் பொறுப்பு. அந்த ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்துக்காரன் என்பதால் நானே கேட்டு வாங்கிய வேலை.

கடலின் ஏற்றவற்றமான ஓதத்தைக் கலப்பெண்ணாக எழுதினால் கணக்கு எளிது. மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி இரண்டும் சேர்ந்தால்தான் தண்ணீரின் உயரமும் அது வரும் நேரமும் கிடைக்கும். எந்தெந்தப் பெயர்கள் கலப்பெண்ணைத் தாங்குகின்றன என்று நிரலின் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். நான் ஒரு பெயரை விட்டுவிட்டேன். ஃபோர்ட்ரான் பிழை என்று சொல்லவில்லை. அந்தப் பெயரை வெறும் மெய்யெண்ணாக எடுத்துக்கொண்டு கற்பனைப்பகுதியை உதறிவிட்டது. உயரங்கள் நம்பும்படி இருந்ததால் நேரங்களை நான் சரிபார்க்கவில்லை.

அந்த ஆண்டுப் புயல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தையே மாற்றியிருந்தது. ஊரில் யாருடைய கணிப்பும் ஒத்துவரவில்லை. எங்கள் பக்கம் வலை கட்டும் இடங்களைப் பாடு என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அண்ணனின் முறை வந்தது. தவறினால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் வேளையில்தான் இறங்கி வலைக்கான கழி நட முடியும்.

"இன்னாடா, உன் மிஷினு எப்ப எறங்கச் சொல்லுது? தண்ணியப் பாக்காமயே சொல்லுதாமே" என்று அண்ணன் சிரித்தார்.

"மத்தியானம் தண்ணி நின்னுடும்" என்றேன்.

மத்தியானம் நீர் மெல்ல ஓடிக்கொண்டிருந்ததாம். அடங்கப்போகிற நீர் என்று எண்ணி இறங்கியிருக்கிறார். உண்மையில் அப்போதுதான் ஏரி கடலுக்கு இழுக்கத் தொடங்கியிருந்தது. உடல் கடற்கரையில் ஒதுங்கியது.

காரியம் முடிந்து திரும்பியதும் நிரலை வரிவரியாகப் படித்தேன். விட்டுப்போன பெயரைச் சேர்த்து அந்த வரிக்கான ஒரே ஒரு துளையட்டையை மாற்றினேன். நேரங்கள் எல்லாம் நகர்ந்தன. திருத்திய தாளை மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் காரணம் கேட்கவில்லை.

அண்ணி கேட்டார். "தம்பி, நீ சொன்ன நேரத்துக்குத்தானே எறங்குனாரு?"

"தண்ணி நல்லா நின்னப்புறம் எறங்குன்னுதான் சொன்னேன் அண்ணி. அவசரப்பட்டுட்டாரு."

எண்பதுகள் முழுக்க, பேச்சு வரும்போதெல்லாம், அவசரக்கார மனுசன் என்று அண்ணி அவரைத் திட்டினார். படித்த தம்பி சொன்னதைக் கேட்டிருந்தால் இருந்திருப்பார் என்பார். பிள்ளைகளும் அதையே கேட்டு வளர்ந்தார்கள். நான் அந்த வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன்.

அண்ணி போய்விட்டார். பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்: உங்கள் அப்பா அவசரப்படவில்லை. நான் சொன்ன நேரத்துக்குத்தான் இறங்கினார்.