தாய்மாமனுக்கு வாங்கிய தடை

1. வாயை அடைப்பது

வஞ்சியூர் கோர்ட்டுக்கு அருகில் எங்கள் வக்கீல் ஆபீஸ். நான் அங்கே குமாஸ்தா. ஒரு நாள் காலை, வக்கீல் இன்னும் கோட்டுகூட மாட்டவில்லை, சாலைக்கடை பஜாரின் ஜவுளி முதலாளி மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார்.

"சாமி, அவன் வாயை அடைக்கணும். இன்னைக்கே அடைக்கணும்."

அவன் என்றது சண்முகம் பிள்ளையை. முதலாளியின் மொத்த வியாபாரத்துக்காக நாகர்கோவில் லைன் முழுக்க ஏறி இறங்கி ஆர்டர் பிடித்தவர். ஏதோ மனஸ்தாபத்தில் விலகி எதிர்க்கடையில் சேர்ந்துவிட்டார்.

ஜவுளிக்காரர்கள் அடக்க விலையைத் துணியோடு வரும் அட்டையில் எண்ணாக எழுத மாட்டார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் எழுத்து வைத்திருப்பார்கள். எது எதற்கு என்பது முதலாளிக்கும் நம்பிக்கையான இரண்டொருவருக்கும்தான் தெரியும். சண்முகம் பிள்ளைக்குத் தெரியும். பழைய வாடிக்கைக் கடைகள் சிலவற்றுக்குப் போய் அட்டையைப் படித்துக் காட்டி, "ஒங்க தலையில எவ்வளவு லாபம் வைக்காருன்னு பாத்துக்கிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அது தப்புதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

வக்கீல் அன்றே பிராது எழுதினார். கடையின் எழுத்தையும் ரேட்டுகளையும் பயன்படுத்தக் கூடாது என்று முதல் வேண்டுகோள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிராதோடு சேர்த்த ஷெட்யூலில், அதாவது பட்டியலில், கண்ட வாடிக்கைக்காரர்களை எந்தக் காரணத்துக்காகவும் சந்திக்கவோ, பேசவோ, அவர்கள் இடத்துக்குப் போகவோ கூடாது என்று இரண்டாவதையும் சேர்த்தார்.

"எந்தக் காரணத்துக்காகவும்னு வேணுமா சார்?" என்று கேட்டேன்.

"ஓய், கேக்கறச்சே நன்னாக் கேட்டுடணும். குறைக்கறது ஜட்ஜோட ஜோலி."

ஜட்ஜ் குறைக்கவில்லை. கேட்டபடியே இன்ஜங்க்ஷன் கிடைத்தது. எதிர்க்கட்சி வக்கீல் வாதாடியும் பலனில்லை. கேஸ் முடியும் வரை தடை நீடிக்கும் என்று உத்தரவாயிற்று. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. ஆனால் ஆபீசில் அன்று எல்லோருக்கும் காப்பி வந்தது, நானும் குடித்தேன்.

2. கோர்ட்டு லீவு

சித்திரை பிறந்தது. கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை, ஊரெல்லாம் கல்யாணம். ஒரு மத்தியானம் சண்முகம் பிள்ளை எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். எதிர்க்கட்சிக்காரர் என்பதால் படி ஏறவில்லை.

"அண்ணாச்சி, வடசேரியில எந் தங்கச்சி மவளுக்குக் கல்யாணம். நான்தான் ஒத்தத் தாய்மாமன். போலாமா கூடாதா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாகர்கோவில் வடசேரிக் கடை ஷெட்யூலில் இருந்தது. கடைக்காரர் அவருடைய தங்கை புருஷன். மச்சானை வாடிக்கைக்காரராகப் பிடித்துக் கொடுத்தவரும் சண்முகம் பிள்ளையேதான். கடைக்குப் பின்னால்தான் வீடு.

"ஒங்க வக்கீல் என்ன சொல்லுதாரு?"

"போனா சிவில் ஜெயிலுங்காரு. மனு போடலாம்னா கோர்ட்டு பூட்டிக் கிடக்கு. லீவுக்கு ஒரு ஜட்ஜு உண்டாம், இதெல்லாம் அவசரம்னு எடுக்க மாட்டாராம்."

"முதலாளி ஒரு சம்மதக் கடுதாசு குடுத்தாப் போதும். நீரு போய் ஒரு வார்த்தை கேளும்."

"அவருகிட்டயா? என்னையக் கூண்டுல ஏத்தினவருகிட்ட கேட்டுத்தான் எந் தங்கச்சி வீட்டுக்கு நான் போகணுமா?" முகம் சிவந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நானே சாலைக்கடைக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் கல் மனசுக்காரர் இல்லை. "நான் வேண்டாம்னா சொன்னேன்? அவன் வந்து எம் மொகத்தைப் பாத்துக் கேக்கட்டும், குடுக்கேன்" என்றார்.

சண்முகம் பிள்ளை கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பி, சம்மதக் கடிதத்தை டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்தும் போட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

"குடுங்க, இப்பவே கொண்டு போய்க் குடுத்திருதேன்."

"அதொண்ணும் வேண்டாம்வே. எனக்கும் அழைப்பு உண்டு, நாளைக்கு நானும் போறேன்லா? சபையில நாலு பேரு பாக்க எங் கையால குடுக்கேன்."

"இது இல்லாம அவரு எப்படி வருவாரு?"

"தாய்மாமன் வராம இருப்பானா? கட்டாயம் வருவான்." கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கோர்ட்டுத் தடையை வாங்கியவரே, அதைத் தாய்மாமன் மீறுவார் என்று நம்பினார். மீறக் கூடாது என்று நினைத்தவர் சண்முகம் பிள்ளை ஒருவர்தான்.

3. வடசேரி

முதலாளியின் காரில் நானும் போனேன். நாகர்கோவில் அப்போது எங்கள் மகாராஜாவின் ராஜ்யத்தில்தான் இருந்தது, அதனால் எங்கள் கோர்ட்டுத் தடை அங்கேயும் செல்லும். வழியெல்லாம் முதலாளி பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பந்தலில் சண்முகம் பிள்ளை இல்லை. முகூர்த்த நேரம் நெருங்க நெருங்க முதலாளி வாசலையே பார்த்தார். பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியவர் தாய்மாமன். தூரத்து முறையில் யாரையோ தேடிப் பிடித்து நிறுத்தினார்கள். பெண் தலை குனிந்து நடந்தது. அழுதது என்று நினைக்கிறேன்.

பெண்ணின் தாய் செல்லம்மாள் எங்களிடம் வந்தார். குரலில் மரியாதை குறையவில்லை.

"வாங்க. நீங்க வந்தாச்சு. எங்க அண்ணந்தான் வரல்ல."

முதலாளியின் கை பைக்குப் போய்த் திரும்பி வந்தது. பந்தியில் உட்கார்ந்தார், ஆனால் இலையைத் தொடவில்லை. கோர்ட்டு திறந்த அன்றே வந்து, "கேஸைத் திருப்பி வாங்கிருங்க சாமி" என்றார். வக்கீல் அன்றே வாபஸ் மனு எழுதினார்.

பிற்காலத்தில் இந்த மாதிரி கேஸ் வரும்போதெல்லாம், ஷெட்யூலில் உள்ளவர்களில் யார் எதிராளிக்கு என்ன உறவு முறை என்று கட்சிக்காரரிடம் கேட்காமல் நான் டைப் அடித்ததில்லை. வியாபாரத்துக்கு மட்டுமே தடை, குடும்ப விசேஷங்களுக்கு இல்லை என்று ஒரு வரியும் சேர்ப்பேன். வக்கீல் ஒருநாளும் அதை நீக்கியதில்லை. இளம் குமாஸ்தாக்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: எது வேண்டுமோ அதை மட்டும் கேளுங்கள்.

கேஸ் முடிந்ததும் சண்முகம் பிள்ளை பட்டுப்புடவையோடு வடசேரிக்குப் போய்வந்தார். தங்கை என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"புடவையை வாங்கிக்கிட்டா. 'ஒரு நாள் ஜெயில்ல கெடந்தா என்னண்ணே, நான் சோறு கொண்டு வந்து தந்திருக்க மாட்டேனா'ன்னு கேட்டா, அண்ணாச்சி."