மூக்கில் வந்த கறுப்பு

அறுவடைக் காலத்தில் எங்கள் கீழ்வேளூர்ப் பக்கம் யார் மூக்கைச் சிந்தினாலும் கறுப்பாகத்தான் வரும். எல்லாம் நெல் தூசி. அதனால் என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கு வந்தபோதும் நான் கவலைப்படவில்லை. ஐப்பசி மழையில் நனைந்து பூசணம் பிடித்த நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டி, வெயில் தலைகாட்டும்போதெல்லாம் காலால் கிளறிக்கொண்டிருந்தார். சர்க்கரை நோயாளி. மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லையென்றால் இல்லை.

"தூசிதான் ரெஜினா. நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றார். அதற்குள் இடது கன்னம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது.

தஞ்சாவூரில் டாக்டரம்மா மூக்குக்குள் பார்த்துவிட்டு, இது தூசி இல்லை, செத்துப்போன சதை என்றார். கறுப்புப் பூஞ்சையாம். கண்ணை எடுக்காவிட்டால் மூளைக்கு ஏறிவிடும், உயிர் தங்காது என்றார்.

"கண்ணு இல்லாம என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதே" என்று இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். "ஆண்டவரே, கண்ணைக் கேட்கல. இந்த மனுஷன் மனசை மட்டும் திருப்பும்."

மறுநாள் டாக்டரம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஐயா, ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் செல்கள் வரிசையா ஒட்டிக்கிட்டு இருக்கும். பூஞ்சை ஒரு என்சைமை விட்டு அதை அரிச்சு உள்ளே போயிடுது. ரத்தம் உறைஞ்சு குழாய் அடைச்சுக்குது. அதுக்கு அந்தப் பக்கம் சதை செத்துடும். மருந்தும் ரத்தத்துலதானே போகணும்?"

இவர் சுவர்ப்பக்கமிருந்து அவர் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, "வாய்க்கால் தூர்ந்துட்டா கடைமடைப் பயிரு கருகத்தானே செய்யும். எடுத்துடுங்கம்மா" என்றார்.

அதுதான் எனக்கு வந்த பதில். வேறு அற்புதம் எதுவும் நடக்கவில்லை. கண் போனது, மேலண்ணத்தில் பாதி போனது, உயிர் தங்கியது. பக்கத்துக் கட்டில்காரர் பிழைக்கவில்லை. அவர் மனைவியும் என்னோடு முழங்காலில் நின்று ஜெபித்தவள்தான். அது ஏன் என்று எனக்குத் தெரியாது. அவளை மறைத்துவிட்டு இந்தச் சபையில் சாட்சி சொல்ல மனம் வரவில்லை.

இப்போது மாத்திரை போட்டால்தான் எங்கள் வீட்டில் காலை ஜெபமே தொடங்கும். சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது முகம் வீங்கி மூக்கில் கறுப்பு வந்தால் தூசி என்று விட்டுவிடாதீர்கள். ஆண்டவரை நம்பி ஜெபியுங்கள், ஜெபித்துக்கொண்டே பஸ் ஏறுங்கள்.

கண்ணில்லாமல் கூட்டிப்போகாதே என்றவரைக் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். முகத்தை யாரும் பார்க்கக் கூடாதென்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். போகும்போது அவருக்கு ஒரு கை கொடுத்துவிட்டுப் போங்கள். அவருடைய வலப்பக்கமாக வாருங்கள், அப்போதுதான் நீங்கள் அவர் கண்ணுக்குத் தெரிவீர்கள்.