அக்கா ஒதுக்கி வைத்த நோட்டு

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தங்கை எழுதுவது. நினைவு மலரில் யாரையும் குறை சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். குறை சொல்லத்தான் இதை அச்சடித்திருக்கிறேன். கோபம் வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

அக்கா கெலமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த பெண்ணாகப் பிறந்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அவர் வாயில் புரளும். சங்கீதத்தில் பாதி வானொலியில் கேட்டது, மீதி ராமர் கோயில் பஜனையில் பிடித்தது. அப்பா காலமானதும் ஓசூரில் கியர் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அந்தச் சம்பளம்தான். தனக்கென்று அவர் வைத்துக்கொண்டது பாட்டு மட்டுமே. கம்பெனி பஸ்ஸில் தொடையில் தாளம் போட்டபடியே வர்ணமும் பதமும் தில்லானாவும் கட்டினார்.

கோயிலில் அவர் பாடியதைக் கேட்டு, ஓசூரில் பரதநாட்டியப் பள்ளி நடத்தும் ஆசிரியர் ஒருவர் வீடு தேடி வந்தார். அரங்கேற்றத்துக்கு ஒரு வர்ணம் வேண்டும் என்றார். அக்கா சந்தோஷமாகக் கட்டிக் கொடுத்தார். அழைப்பிதழில் 'பாடல், இசை' என்ற இடத்தில் ஆசிரியரின் பெயர் இருந்தது. இருபது வருடம் இப்படியே போயிற்று. ஒரே ஒரு முறை அக்கா ஆசிரியரிடம், தன் பெயரைப் போடக் கூடாதா என்று கேட்டார். நானும் கூட இருந்தேன்.

"கம்பெனில கியர் பாக்கறவ கட்டுனதுன்னு போட்டா சபையில மதிப்பாங்களாம்மா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அன்று அக்கா சோற்றைத் தொடவில்லை. நான் கத்தியதற்கு, "பாட்டு வெளிய போவுதில்ல, அது போதும் உடு" என்றார். மறுவாரமே அடுத்த பதத்தைக் கொடுத்தார். அக்கா பொறுமைசாலி. நான் இல்லை.

சிறுநீரகம் பழுதாகி அக்கா இரண்டு வருடம் அவதிப்பட்டார். ஆசிரியர் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா காலமாகிப் பால் தெளித்த அன்று வந்தார்.

"நோட்டெல்லாம் எங்கிட்டக் குடுத்துடும்மா. இங்க கெடந்தா கரையான் தின்னுடும்."

"நாளைக்கு வாங்க சார், எடுத்து வெக்கறேன்" என்றேன்.

அக்காவிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. தேறிய பாட்டுகள் ஒன்றில். தேறாதவை இன்னொன்றில், அதன் கடைசிப் பக்கங்களில் எந்தப் பாட்டில் எங்கே தப்பு என்று சிவப்பு மையில் எழுதியிருப்பார், கம்பெனியில் கழித்துப் போடும் கியருக்கு எழுதுவதுபோலவே. தேறாத நோட்டை ஜெராக்ஸ் எடுத்தேன். சிவப்புப் பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை ஆசிரியரிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

ஆறு மாதம் கழித்து அவருடைய பள்ளி ஆண்டு விழா. கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். "விடியக்காலம் கனவுல வந்த தில்லானாங்க இது" என்று மைக்கில் சொன்னார். சரணத்தின் கடைசி வரியில் மிருதங்கக்காரர் தடுமாறினார். ஆடிய பெண்ணின் கால் எங்கே விழுவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. ஆசிரியர் அவளை முறைத்தார். இதில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது அந்தப் பெண் ஒருத்தியிடம்தான். தப்பு உன் காலில் இல்லை கண்ணு.

அந்தத் தில்லானாவை அக்காவின் கையெழுத்திலேயே அடுத்த பக்கத்தில் அச்சிட்டிருக்கிறேன். பக்கத்திலேயே சிவப்பு மைக் குறிப்பும் இருக்கிறது: "சரணம் கடைசி வரி, தாளத்தில் அரை எண்ணிக்கை குறைகிறது. ரிஜெக்ட்." அதற்கடுத்த பக்கங்களில் ஆசிரியர் இருபது வருடம் தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட பாட்டுகள், அவையும் அக்காவின் கையெழுத்தில். அவருடைய பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் இந்த மலர் போய்ச் சேர்ந்துவிட்டது.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த கம்பெனித் தோழிகளுக்கும், ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோய்க் கொண்டுவந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், ஊசி போடும்போதெல்லாம் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்ட நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஆசிரியருக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறேன்; முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறோம். இந்த மலரில் அவர் பெயர் எங்கும் இல்லாததைப் பார்த்து, பயந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருபது வருடம் அக்காவின் பெயரை அவர் போடவில்லை. ஒரு நாள் அவரும் பெயரில்லாமல் உட்கார்ந்து பார்க்கட்டும்.