பர்ஸ்ட் டேப்பும் அண்ணனின் வலது காதும்

இந்தக் கொலோன் நகரத்தில் ராக் கச்சேரிக்குப் போனால், டிக்கெட் கிழிப்பவர் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதில் மஞ்சள் மஞ்சளாகச் சின்ன உருண்டைகள். முதல் தடவை மிட்டாய் என்று நினைத்து இரண்டை அள்ளிவிட்டேன். வாயில் போடப் போன கையைத் தடுத்து, காதைக் காட்டினார் அந்த மனிதர். நுரைப்பஞ்சு. காதை அடைத்துக்கொள்ளத் தருகிறார்கள். சத்தத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு, சத்தத்துக்கு அடைப்பானும் தருகிற ஊரை நான் பார்த்ததில்லை. எனக்கு வேண்டாம், நான் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அதைப் புகாராக எடுத்துக்கொண்ட அவர், உள்ளே வைக்கும் சத்தம் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே இன்னும் விசித்திரம். மேடையில் ஆறு பேர் ஒரு லாரியை இரும்புக் கம்பியால் உடைக்கிற மாதிரி வாசிக்கிறார்கள். கீழே நிற்கும் கூட்டமோ கறுப்புச் சட்டையும் கட்டிய கையுமாக, பிரசங்கம் கேட்பதுபோல நிற்கிறது. பக்கத்து ஆளின் முழங்கை பட்டால் மன்னிப்புக் கேட்கிறான். எங்கள் ஊரில் இந்தச் சத்தத்துக்கு மண்டை உடைந்திருக்கும். உடைந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

அன்றைக்கு வாசித்தவர்கள் ஓர் இடத்தில் சட்டென்று நிறுத்தினார்கள். துளி சத்தம் இல்லை. பிறகு ஆறு பேரும் ஒரே அடியாக அடித்தார்கள். அடுத்த நொடி நான் தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தேன். முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. காது தானாகச் சைரனைத் தேடிக்கொண்டிருந்தது. என்னைக் கூட்டிவந்த மார்க்குஸ், ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரன், பதறிப்போய் முட்டி போட்டு உட்கார்ந்து, "உங்கள் ஊரில் போரா?" என்றான். "இல்லை, தங்கம்" என்றேன். அவன் ஏதோ புரிந்தவன்போலத் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தான். மறுநாள் ஆபீசில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள்.

கோலார் தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கம் தோண்டி வெறுமையாகிப்போன ஆழத்தில், மேலே அழுத்தும் பாரம் தாங்காமல் பாறை தானாகவே வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்பது அதன் பெயர். எங்களுக்கு வெறும் பர்ஸ்ட். ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் லைன் வீடு ஆடும். அலமாரித் தட்டுகள் உதிரும். பிறகு யாரும் பேச மாட்டார்கள். பெண்கள் வாசலுக்கு வந்து, பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு, நந்திதுர்க் சுரங்கத்தின் பக்கம் காதைத் திருப்பி நிற்பார்கள். சைரன் ஊதினால் ஷாஃப்ட்டை, சுரங்கத்துக்குள் இறங்கும் வாயை, நோக்கி ஓட வேண்டும். ஊதவில்லையா, அடுப்பிலிருக்கிற குழம்பைக் கிண்டப் போகலாம். அதற்குள் எங்காவது ஒரு வீட்டில் யாரோ யாரையோ அறையும் சத்தம் கேட்கும். பயம் வெளியேற வேறு வழி எங்களுக்குத் தெரியாது. குழாயடியில் குடத்தால் அடித்துக்கொண்டார்கள். பிள்ளையைப் பெல்ட்டால் அடித்தார்கள். கால்பந்து முடிந்தால் சைக்கிள் செயினால் அடித்துக்கொண்டார்கள். பாட்டு மட்டும்தான் அந்த ஊரில் மெதுவாக இருந்தது. மாதா கோயில் கீதம், சினிமா மெலடி, கல்யாணத்தில் இங்கிலீஷ் காதல் பாட்டு. எல்லாம் தேன்.

அந்தத் தேன் எனக்கும் என் அண்ணன் சாம்சனுக்கும் இறங்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இது. எனக்குப் பதினாறு வயது, அவனுக்கு இருபது. ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் சாமான்களை விற்றபோது, ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டர் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. அதன் வயிற்றுக்குள் மறந்துபோய் விட்ட ஒரு கேசட். மேலே பெயர் இல்லை, ஒரு கீறல் இல்லை. யாரோ எதிலிருந்தோ பதிவு செய்தது. போட்டோம்.

எப்படிச் சொல்வது! பல்லவி இல்லை, சரணம் இல்லை, ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குவதுபோல, ஒவ்வொரு லெவலிலும் கதவு திறந்து வேறு வேறு இருட்டைக் காட்டியது. ஆர்கன் கோயிலைப்போலத் தொடங்கி அலறலாக முடிந்தது. தாளம் ஏழில் ஓடியது. எட்டாவது தட்டுக்குத் தூக்கிய கால் அந்தரத்தில் நிற்கும். அதற்குள் அடுத்த சுற்று முதுகில் உதைக்கும். இடையிடையே அந்த அமைதி, பிறகு அந்த வெடி. வாசலில் நின்று காதைத் திருப்பிக்கொண்டிருந்த என் பயத்தை யாரோ முகம் தெரியாத வெள்ளைக்காரர்கள் வாசித்திருந்தார்கள். அதுவும் பயப்படாமல்! அதற்கு பர்ஸ்ட் டேப் என்று பெயர் வைத்தோம். பிறகு பெங்களூர் பிரிகேட் ரோட்டில் அலைந்து இந்த மாதிரி குழுக்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்துகொண்டு வந்தோம். அதில் பாதி ஜெர்மன்காரர்கள். பின்னாளில் வேலைக்கு இரண்டு நாடுகளிலிருந்து அழைப்பு வந்தபோது நான் இந்த நாட்டைப் பிடித்ததற்கு அதுதான் காரணம். வீட்டில் சம்பளம் என்று சொல்லியிருக்கிறேன்.

டேப்பில் டிரம்ஸ் வாசித்தவன் சாம்சனைப் பைத்தியமாக்கினான். மனிதக் கையால் ஆகாத வாசிப்பு. ஒரு கை இரும்பில் ஓட, இன்னொரு கை தோலில் ஓட, மூன்றாவதாக ஒரு கை எங்கிருந்தோ வந்து குத்தும். அப்படி வாசித்தே தீருவேன் என்று அண்ணன் தலையணையிலும் பக்கெட்டிலும் என் முதுகிலும் அடித்துப் பழகினான். விரல் வெடித்து ரத்தம் வரும், துணியைச் சுற்றிக்கொண்டு அடிப்பான்.

ஒரு காலையில், நைட் ஷிப்ட் முடித்து அப்பா தூங்கிக்கொண்டிருந்தது தெரியாமல் டேப்பைச் சத்தமாக வைத்துவிட்டோம். அந்த அமைதி வந்து, வெடியும் வந்தது. அப்பா கட்டிலிலிருந்து எகிறிக் குதித்து, அவிழ்ந்த லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு ஷாஃப்ட் பக்கம் ஓடினார். லைன் முழுக்கப் பார்த்தது. எதிர்வீட்டு மேரியக்காதான் கூப்பிட்டுச் சொன்னாள்: "இன்னாண்ணா, ஷாஃப்டு வரைக்கும் ஓடுவியா? அதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடப் போவுது." லைனே சிரித்தது. அப்பா திரும்பி வந்தார். ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்தார். சாம்சன் ஓடவில்லை. பக்கிள் பட்டு உதடு கிழிந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு, அப்பா வெளியே போனதும் என்னைப் பார்த்து இளித்தான்.

"பாத்தியாடி எஸ்தரு, நம்ம பாட்டு அப்பாவையே ஓட வெச்சிடுச்சி."

அதற்குப் பிறகு அவனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் சின்ன பேண்டு ஒன்று எங்களுக்கு இருந்தது. சாம்சன் டிரம்ஸ், அவன் கூட்டாளி தாஸ் கிட்டார், கோயில் கீபோர்டோடு நான். ஒரு வருஷம், கோயிலுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில், பர்ஸ்ட் டேப்பின் முதல் பக்கத்துப் பாட்டை மட்டும் ஒத்திகை பார்த்தோம். எங்கே வாசிப்பது? யார் கேட்பார்கள்? சாம்சனுக்கு அந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு தடவை ஜனங்கள் முன்னால் வாசித்துவிட வேண்டும் என்பது தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை.

ஆரோக்கியம் மாமா வீட்டுக் கல்யாணம் வந்தது. மாமா அப்பாவோடு வேலை செய்தவர். அவருடைய மூத்த மகன் கீழே போய், ஒரு பர்ஸ்ட்டில், மேலே வராதவன். மகள் கல்யாணத்துக்கு எங்களை அமர்த்தியவர், ஆட்டப் பாட்டும் மெலடியும் போதும் என்று சொல்லியிருந்தார். சாயங்காலம் ஹாலில் கேக் வெட்டினார்கள். ஜோடி ஜோடியாக ஆட ஆரம்பித்தார்கள். கூட்டம் சூடேறியதும் சாம்சன் என்னைப் பார்த்தான். நானும் தலையாட்டினேன்.

ஆர்கனில் தொடங்கினேன். கோயில் மாதிரி இருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. டிரம்ஸ் ஏழில் விழுந்ததும் ஆடியவர்களின் கால்கள் பின்னின. எங்கள் ஊர்க் கால்கள் நாலுக்கும் எட்டுக்கும் பழகியவை. ஒரு தட்டு குறைந்ததும் ஜோடிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நந்திதுர்க் பையன் ஒருவன் ஸ்கெலட்டன் பையன் மேல் சாய்ந்தான். இரண்டு பேருக்கும் கால்பந்துப் பகை ஏற்கெனவே இருந்தது. தள்ளினான் என்றான் இவன், இல்லை என்பதற்குள் மூக்கில் குத்து விழுந்தது. அவ்வளவுதான். இரும்பு நாற்காலிகள் மடங்கி ஆயுதமாயின. கேக் மேசை கவிழ்ந்தது. எவனோ இடுப்பிலிருந்து செயினை உருவினான். தரையில் ஒரு பல்லைப் பார்த்தேன், கிரீமில் புதைந்து. கீபோர்டு வயரைப் பிடுங்க வந்தவன் கையைக் கடித்தேன். ரத்தம் உப்பாக இருந்தது. இடது கை மட்டும் கட்டையை விடவில்லை.

சாம்சன் நிறுத்தவில்லை. மூன்றாவது கை அன்றைக்குத்தான் அவனுக்கு முளைத்தது! டேப்பில் கேட்டது அத்தனையும், ஒன்று விடாமல், அந்த அடிதடிக்கு நடுவில் அவன் கையிலிருந்து வந்தது. அதைவிட நல்ல வாசிப்பை நான் இந்த ஊரிலும் கேட்டதில்லை.

ஆரோக்கியம் மாமா மேடையில் ஏறி, அதிர்ந்துகொண்டிருந்த சிம்பலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"கீழ வெடிக்கறது போதாதாடா?" என்றார். "என் பொண்ணு கல்யாணத்துலயும் அதையே கொண்டாந்து வெக்கணுமா?"

சாம்சனின் குச்சி நின்றது. ஹாலும் நின்றது. ஓங்கிய கைகள் ஓங்கியபடி, எல்லோரும் சைரனுக்குக் காதைத் திருப்பியவர்கள்போல. அந்த அமைதியில்தான் கீழேயிருந்து ஒரு மடக்கு நாற்காலி பறந்து வந்தது. யார் எறிந்தது என்று இன்றுவரை தெரியாது. சாம்சனின் வலது பக்கத் தலையில் பட்டு, அவன் டிரம்மின் மேலேயே விழுந்தான். வெள்ளைத் தோல் சிவப்பானது.

உயிர் பிழைத்தான். வலது காது பிழைக்கவில்லை. டிரம்ஸை விற்றான், டேப்பை எனக்குத் தந்தான். பெங்களூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து, பங்காருபேட்டையில் ரயில் பிடித்துப் போய்வருகிறான். ரயிலில் செவிட்டுக் காதைக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவதாகச் சிரித்துக்கொண்டே சொல்வான். நான் பாட்டைப் பற்றி எடுத்தால், பாதியாகக் கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம் என்று பேச்சை மாற்றுவான். இத்தனை வருஷமாக ஒரு பாட்டுக்கும் அவன் கால் ஆடியதை நான் பார்க்கவில்லை. அதுதான் என்னைத் தின்றது, காது போனதைவிட.

இங்கே கட்டிய கையோடு நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆரோக்கியம் மாமாவை நினைக்கிறேன். இவர்களுக்கு வாழ்க்கையில் ஒரு தட்டுகூட உதிர்வதில்லை. அதனால் வெடியை மேடையில் வைத்து, பஞ்சோடு கேட்க முடிகிறது. மாமாவுக்கு வெடி கையெட்டும் தூரத்தில் இருந்தது, அவர் பாட்டிலாவது தேன் கேட்டார். அவர் சொன்னது அவருக்கு நியாயம். எனக்கோ அந்தச் சத்தத்தில்தான் மூச்சு வருகிறது. இரண்டு பேரும் ஒரே வாசலில் நின்று சைரனுக்குக் காதைத் திருப்பியவர்கள்தான்.

இந்த வருஷம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த வாரம், மனசு சரியில்லாமல் ஓர் இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்தேன். பெயர் தெரியாத குழுவை எப்படிக் கேட்பது? கவுண்டரில் ஏழு தட்டைத் தட்டிக் காட்டினேன். கடைக்காரர், அவசரப்படாதீர்கள், இதோ வருகிறேன் என்றார். நான் நிறுத்தாமல் தட்டினேன். முகம் சிவக்கத் திரும்பியவர், கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அவரும் தட்டினார். உள்ளே போய் ஒரு சிடியோடு வந்தார்.

வீட்டுக்கு வந்து ஹெட்போனில் போட்டேன். எங்கள் பர்ஸ்ட் டேப்தான். ஆனால் இடது காதில் ஒருவன் டிரம்ஸ் வாசித்தான். வலது காதில் வேறொருவன். இரண்டு டிரம்மர்கள்! எங்கள் டேப்பைப் பதிவு செய்தவன் எவனோ இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டிருக்கிறான். சாம்சன் ஒரு வருஷம் விரல் கிழியப் பழகியது, உலகத்தில் இல்லாத ஒருவனின் வாசிப்பை. இரண்டு மனிதர்களின் வேலையை அந்த ஹாலில் தனி ஆளாகச் செய்திருக்கிறான். நான் ஹெட்போனைக் கழற்றாமல் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அங்கே மதியம், லைன் முனையிலுள்ள எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போடுவது வழக்கம். சாம்சன்தான் எடுத்தான். சுரங்கம் மூடியதிலிருந்து அப்பா இருக்கும் நிலையைச் சொல்ல ஆரம்பித்தவனை நிறுத்தினேன்.

"ண்ணா, அந்த டேப்புல வாசிச்சது ஒருத்தன் இல்ல. ரெண்டு பேரு. இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன்."

ரிசீவரைக் காதோடு அழுத்தினேன். வாசலில் நிற்கும் பெண்களைப்போலக் காத்திருந்தேன்.

"பேமானிங்க" என்றான் கடைசியில். "ரெண்டு பேரு சேந்து என் கைய ஒடச்சிக்கினு இருந்தானுங்களா?" பிறகு சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு, என்னவாக ஆனது என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்: "வலது பக்கத்துக்காரன மட்டும் போடு. இன்னொருத்தன நான் பாத்துக்கறேன்."

இடது ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினேன். ஞாயிற்றுக்கிழமையில் ஆணி அடிப்பதற்கே போலீஸைக் கூப்பிடும் நாடு இது. இருந்தாலும் குமிழைக் கடைசிவரை திருகினேன். என் வலது பக்கத்தில் கொலோன் அறை முழுக்க ஒருவன் வாசித்தான். இடது காதில் ரிசீவர். அதில் பூத்தின் மரப்பலகையை அண்ணன் இரண்டு கையாலும் அடிக்கத் தொடங்கியிருந்தான். ஒரு தட்டுகூட மறக்கவில்லை. ஆனால் கடல் தாண்டிப் போய்த் திரும்பிவரும் சத்தம் எப்போதும் ஒரு தட்டு பிந்தியே வருகிறது. அவன் அங்கே சரியாகத்தான் வாசிக்கிறான், இவன் இங்கே சரியாகத்தான் வாசிக்கிறான், நான் நிற்கும் இடத்தில் மட்டும் இரண்டும் மோதி உடைகின்றன. பலகை பிளக்கப் போகிறது என்று பூத்காரர் கதவை உதைத்தார். இங்கே கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் தன் வீட்டுக் கூரையைக் குத்தினார். நான் ஏழை எண்ணிக்கொண்டு, எந்தக் காதை நம்பிக் காலை வைப்பது என்று தெரியாமல், தூக்கிய காலோடு நின்றேன்.