புற்றுக்குச் சாட்சி சொன்ன கதை

சென்னைப் பக்கம் மணிமங்கலத்துக்கு வாத்தியாராக வந்த புதிதில் என்னை விடியற்காலையில் எழுப்பியது சேவல் அல்ல, விளக்குமாறு. தெருவே கூடி வாசலைச் சுரண்டும். ஒரு புல் தலைகாட்டிவிடக் கூடாது. நாகர்கோவில் பக்கம் இருக்கும் நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். நம் ஊரில் மரங்களுக்குள்ளே அல்லவா வீட்டைத் தேட வேண்டும்!

வாடகை வீட்டின் பின்னால் வெறும் பொட்டல். நானும் என் மனைவி ரோஸம்மாளும் ஊரிலிருந்து கொண்டுவந்த வாழைக்கன்றை அங்கே வைத்தோம். பிறகு பலா, முருங்கை, செம்பருத்தி. உதிர்ந்த இலையை அள்ளாமல் மரத்தடியிலேயே விட்டோம். அதுதான் தெருவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா வாத்யாரே, குப்பையில குடித்தனம் பண்றீங்க? பூச்சி பொட்டுல்லாம் வரும்" என்றாள் பக்கத்து வீட்டு முனியம்மா.

வந்தன. பத்து வருஷத்தில் செம்போத்து, தேன்சிட்டு, ஏரிப்பக்கத்துக் கொக்குகள், ஒரு கீரிக் குடும்பம் எல்லாம் குடியேறிவிட்டன. வாடகை கொடுத்தது நாங்கள் மட்டும்தான். ஊர் நினைப்பு நெஞ்சை அடைக்கும் நாட்களில் நான் பலா மரத்தடியில் போய் உட்காருவேன். அது இல்லாவிட்டால் என்றோ பெட்டியைக் கட்டியிருப்பேன்.

பட்டுப்போன முருங்கைக் கட்டையில் கறையான் ஏறி, இடுப்புயரம் புற்று எழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால் அதற்கு மஞ்சள், குங்குமம். முனியம்மா பயபக்தியோடு பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். நாங்களோ கத்தோலிக்கர். ரோஸம்மாள் என்னைப் பார்த்தாள், நான் வாழையைப் பார்த்தேன். குப்பை என்று ஏசியவள் கும்பிட வரும்போது போ என்றா சொல்வது?

அந்த வருஷ அறுவடைக்கு முன்னால் வீட்டுக்காரர் கோடாலி ஆட்களோடு வந்து நின்றார். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு நெல் காயவைக்கக் களம் போடப்போகிறாராம்.

முனியம்மா குறுக்கே பாய்ந்தாள். "அம்மா வந்து குந்திகினு கீற எடம். இதுல கோடாலி வெப்பியா?"

அவர் தயங்கினார். அந்த நேரம் பார்த்துக் கீரி ஒன்று புற்றோரமாகச் சாவகாசமாக நடந்து போயிற்று.

"கீரி கீற எடத்துல நாகம் ஏதும்மா?"

"அம்மா சந்நிதில இன்னாயா பகை?"

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "வாத்யாரே, நீங்க வேதக்காரரு, பொய் சொல்ல மாட்டீங்க. உள்ள நாகம் கீதா?"

நாகத்தின் வாலைக்கூட நான் அங்கே கண்டதில்லை. பலா மரத்தை ஒருமுறை பார்த்தேன்.

"கீதுங்க" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, புற்றைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆட்களோடு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன். ரோஸம்மாளுக்குக் குறை வேறு. "பொய் சொன்னது போகட்டும். அத நம்ம ஊருப் பேச்சில சொல்லப்பிடாதா?" என்றாள்.

பலா மரத்தடியில் உட்கார்ந்து, நம் ஊர்ப் பேச்சில் "உண்டு" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். புற்றுக்குள் கறையான்தான் இருந்தது.