ஏழு நாள் ஜெபமும் ஒரு கொல்லைச் சாமையும்

உபதேசியார் வேலையில் பிரசங்கம் சுலபம், கல்யாணம் அதைவிடச் சுலபம். துக்க வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்வதுதான் ஆளை உலுக்கிவிடும். சாவு வீட்டு வாசலில் என்ன பேசுவது என்று தெரியாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிற என் இனத்தாரே, இது உங்களுக்காக.

வாசலில் செருப்பு

ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி நடக்கிற ஊர் ஒன்று. அங்கே எங்கள் சபைக்காரர் தாவீது மாரடைப்பில் போய்விட்டார். நாற்பது வயதுகூட இல்லை. மனைவி எஸ்தர், இரண்டு பெண் பிள்ளைகள். கொல்லையில், அவர்களுடைய மேட்டு நிலத்தில், சாமை முற்றி நின்றது. அதுதான் அவர்களுக்கு வருஷச் சோறு.

அடக்கம் முடிந்து வந்து எஸ்தர் எதிரே உட்கார்ந்தேன். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. பரலோகம், உயிர்த்தெழுதல் என்று கைவசம் இருந்த வசனங்களையெல்லாம் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "எல்லாம் சரிங்க ஐயா. அவுரு செருப்பு வாசல்லியே கெடக்குது. அத்த இன்னா பண்றது?"

நாற்பது டம்ளர்

அவளைத் தனியாக விடக்கூடாது என்று ஏழு நாள் மாலை ஜெபம் வைத்தேன். சுற்று ஊர்களிலிருந்தும் வந்தார்கள். தினமும் நாற்பது பேர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை பேருக்கும் டீ போடுவது யார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

நான்காம் நாள் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தால் புகைக்கு நடுவே எஸ்தர். "நீ வந்து உட்காரும்மா" என்றேன். அவள் நிமிராமலே பதில் சொன்னாள்: "டீ போட்டு டம்ளர் கழுவறதுக்கே சரியா இருக்குதுங்க ஐயா. அழறதுக்கு நேரமே கெடைக்கல."

யார் அறுப்பது?

மறுநாள் மதியமே, வெட்கத்தோடு டீ கேனை நானே சுமந்துகொண்டு போனேன். வானம் கறுத்திருந்தது. ஒரு மழை பிடித்தால் சாமை அத்தனையும் உதிர்ந்துவிடும். வாசலில் தாவீதின் தம்பி காளி நின்றிருந்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை. "பங்காளிங்க நீங்க ஏன் இன்னும் அறுக்கல?" என்று கேட்டேன்.

"உங்க ஏழு நாள் ஜெபம் முடியாம அறுவா வெக்கக் கூடாதுன்னு இல்ல நெனச்சோம்?" என்றார். நாங்களோ, அறுப்பது பங்காளிகள் முறை, நாம் தலையிடக் கூடாது என்று சும்மா இருந்தோம். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை. சாமைதான் அந்தரத்தில் நின்றது.

போன் போட்டு சபையார் எல்லோரையும் கொல்லைக்கே வரச்சொன்னேன். நானும் ஓர் அறுவாளை எடுத்துக்கொண்டேன். காளியின் ஆட்களும் இறங்கினார்கள். எஸ்தரும் வந்தாள், காலுக்குப் பெரிதாக இருந்த அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு. கடைசிக் கதிர்க்கட்டு வீடு சேர்ந்தபோது தூறல் போட்டது. கட்டின் மேல் உட்கார்ந்தவள் திடீரென்று வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். காளியின் மனைவி அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பழக்க தோஷம், தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு வசனத்தை ஆரம்பித்தேன்.

காளி என் கையைப் பிடித்தார். "ஐயா, கொஞ்சம் சும்மா இருங்க. இப்பத்தான் அண்ணி அழுவுது."

இத்தனை வருஷம் ஆறுதல் சொல்லியே பிழைத்தவன் நான். அந்த வீட்டில் நான் செய்த உருப்படியான ஊழியம், அறுவாள் எடுத்ததும் வாயை மூடியதும்தான்.