செவ்வாய், வெள்ளி விடுமுறை

எங்கள் வீட்டு முன்னறையில் பிள்ளைகளின் நேரப் பட்டியல் தொங்கும் ஆணியிலேயே ஒரு சாவியும் தொங்குகிறது. சின்னச் சாவி. பித்தளை நிறம் போய்க் கறுத்துவிட்டது. அதன் துளையில் ஓர் ஊக்கு மாட்டியிருக்கிறது. அந்த ஊக்கு ஒரு காலத்தில் ஒரு தாலிக் கயிற்றில் இருந்தது. வெள்ளையடிக்கும்போது மட்டும் கழற்றி வைப்பேன், மறுநாளே திரும்ப மாட்டிவிடுவேன். அதற்கான பூட்டு எந்தக் குப்பையில் கிடக்கிறதோ, தெரியாது.

என் மகன் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய வருடம் அது. முன்னறை சும்மா கிடந்தது, நானும் சும்மா கிடந்தேன். சும்மா என்றால், அடுப்படியில் நின்றபடியே சும்மா. தெருப் பிள்ளைகள் ஏழெட்டைச் சேர்த்து வாரத்தில் சில நாள், சில மணி நேரம் விளையாட விடலாம் என்று தோன்றியது. களிமண், மரக்கட்டை, பழைய சேலையில் ஒரு தூளி, இரண்டு பொம்மை. வீட்டில் ஒருவழியாகச் சம்மதம் வாங்கிவிட்டேன். எந்த நாள், எத்தனை மணி என்பதுதான் பாக்கி. ஒரு நாள் மத்தியானம் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். ஞாயிறு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், ஆகாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், ஆகாது. செவ்வாயும் வெள்ளியும் ஏல நாள், வாயே திறக்க முடியாது. மிஞ்சியது திங்கள், புதன், வியாழன். அதிலும் காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவே, பத்திலிருந்து பன்னிரண்டரை. சிறு பிள்ளைகளுக்கு இரண்டரை மணி நேரம்தான் தாங்கும், இடைவெளி விட்டு வந்தால்தான் ஆசை குறையாது என்றெல்லாம் தாய்மார்களிடம் சொன்னேன். அத்தனையும் உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் நான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவா காரணம்? அந்த வீட்டில் எனக்கு என்று கிடைத்த சந்து அவ்வளவுதான்.

ஏல நாள் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஏலக்காய் வியாபாரம். எங்கள் ஊர் போடியில் அதை வெறுமனே 'காய்' என்போம். அவர் ஏலம் எடுக்கும் இரண்டு நாளும் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வரும் தோட்டக்காரர்கள், ஏலம் முடிந்ததும் எங்கள் வீட்டு முன்னறையில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் மலையேறுவார்கள். மாமனார் காலத்து வழக்கம். எட்டுப் பேர் வரலாம், பதினெட்டுப் பேரும் வரலாம். ஓட்டலில் வாங்கிப் போட்டால் வியாபாரத்துக்கே இழுக்கு என்பார் அத்தை, அதாவது என் மாமியார். அதனால் பட்டியலின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: செவ்வாய், வெள்ளி விடுமுறை.

அப்போதுதான் ஓர் அக்கா வந்தார். எங்கள் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், காய் பொறுக்குகிறவர். முறத்தில் காயைக் கொட்டி, வெடித்ததையும் வெளுத்ததையும் தள்ளி, பெரிய காயைத் தனியே பிரிக்கிற வேலை. புருஷன் மலையில் ஏதோ ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கப் போனவர், மாதத்துக்கு ஒருமுறை முகம் காட்டுவார். மூன்றரை வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டியலை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"டீச்சர், செவ்வாயும் வெள்ளியும் வச்சுக்கிட மாட்டீகளா? அன்னைக்குத்தான் டீச்சர் எனக்குச் சோலி."

யோசித்துப் பாருங்கள். ஏல நாளில் பழைய சரக்கைப் பொறுக்கி ஒதுக்கினால்தான் புதுச் சரக்கை இறக்க இடம் கிடைக்கும். அதனால் பொறுக்குகிறவர்களை அந்த இரண்டு நாளும் கட்டாயம் கூப்பிடுவார்கள். எந்த ஏலம் என்னை அடுப்படியில் நிறுத்தியதோ, அதே ஏலம்தான் அவரை முறத்தின் முன்னால் உட்கார வைத்தது. அதுவும் எங்கள் கிட்டங்கியில்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, பிள்ளைகளுக்குத் தோதான நாளாப் பாத்துத்தான் போட்டிருக்கேன்" என்றேன். கூசாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வேலை இல்லாத மூன்று நாளும் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்.

அந்தப் பாப்பா மற்ற பிள்ளைகளைப் போல விளையாடவில்லை. மற்றதுகள் சோறாக்கும், கல்யாணம் நடத்தும், ஒன்றையொன்று கடித்து வைக்கும். இவள் இரண்டு பொம்மைகளையும் அலமாரிக்குள் உட்கார வைப்பாள். "அம்மா வெரசா வந்துர்றேன். அழுகக் கூடாது. தண்ணி செம்புல இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி, இல்லாத பூட்டைப் பூட்டி, இல்லாத சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். பிறகு அலமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்பாள். முதல் தடவை சிரித்தேன். மூன்றாவது தடவை சிரிப்பு வரவில்லை.

அக்காவிடம் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. "பால்வாடியில விட்டேன் டீச்சர். என்னையத் தேடி ஓடியாந்து, மெயின் ரோட்டுல ஜீப்புக்கு முன்னாடி நின்டுருச்சு. டிரைவர் தம்பி பிரேக்க மிதிச்சுட்டு என்னைய வஞ்ச வசவு இருக்கே! அன்னையிலிருந்து வீட்டுக்குள்ள விட்டுப் பூட்டிட்டுத்தான் போறேன். சன்னலத் திறந்துதான் வப்பேன்." சொல்லிவிட்டு, தாலிக் கயிற்றிலிருந்த ஊக்கைக் கழற்றி, அதோடு ஒரு சாவியை என் கையில் வைத்தார். "ரெண்டு சாவி இருக்கு. பன்னண்டு மணிக்கு ஒரு எட்டு போயி, ரெண்டு வாய் ஊட்டிட்டு வந்தாப் போதும் டீச்சர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது சந்துதான். ஆனால் ஏல நாளில் இரண்டு சந்து தாண்டுவது எனக்குப் போடிமெட்டு மலை ஏறுவதைவிடக் கஷ்டம். வாழையிலை என்னைக் காப்பாற்றியது. விருந்தாளிகளுக்கு இலை வாங்க நான்தான் போக வேண்டும். இலைக்கடைக்குப் போகிற சாக்கில் ஓடி, பூட்டைத் திறந்து, தயிர்ச்சோற்றை ஊட்டி, இரண்டு நிமிடம் அவளோடு கல் அடுக்கிவிட்டுத் திரும்பப் பூட்டுவேன். ஆமாம், நானேதான் பூட்டுவேன். அவள் அழமாட்டாள். "வெரசா வாங்க டீச்சர்" என்று மட்டும் சொல்வாள். இலைக்கட்டோடு நான் மூச்சிரைக்க வந்து நிற்பதைப் பார்த்து அத்தை, "எலை வாங்கப் போனியா, எலை நட்டு வளர்த்துக் கொண்டாரப் போனியா?" என்பார்.

ஒன்றரை மாதம் இப்படி ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் பெரிய இலைக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "நீ வெயில்ல அலையிறியேன்னு மார்க்கெட்டுல நானே வாங்கிட்டு வந்துட்டேன். இனிமே எலைக்கு நீ போக வேணாம்" என்றார். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் கேட்காமலே அவர் எனக்குச் செய்த முதல் உபகாரம். முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்த மனுஷனிடம் நான் என்னவென்று சொல்ல?

பன்னிரண்டு அடித்தது. ஒன்று அடித்தது. அன்றைக்குப் பார்த்துப் பதினாறு பேர். ரசம் ஊற்றும்போது கண் கடிகாரத்துக்குப் போய், ஒரு தோட்டக்காரரின் வேட்டியில் சிந்தியது. சேலை முடிச்சில் சாவி உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசி இலையை எடுத்துப் போட்டுவிட்டு ஓடியபோது மணி மூன்றரை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாப்பா நின்றிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடு கோடாக இருந்தது. நான் கதவைத் திறந்ததும் கோபிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"டீச்சர், இன்னைக்கு உங்களையும் பூட்டிட்டாகளா?"

அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன். அவள்தான் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். ஏல நாளிலும் பிள்ளைகள் வரட்டும் என்றேன். அத்தை தாம்பூலத் தட்டை நகர்த்தி வைத்தார். "நாலு பெரிய மனுசங்க கை நனைக்கிற வீடு இது. நண்டுஞ்சிண்டும் ஓடுற எடத்துல எலை போடுவியா? சாவி வரைக்கும் வாங்கி வச்சிருக்கியே, எடத்தக் கொடுத்தா மடத்தப் பிடுங்குவாளுக." என் வீட்டுக்காரர், "பாவந்தான். யோசிப்போம்" என்றார். யோசிப்போம் என்ற சொல்லைப் போல ஒரு பூட்டை எந்தக் கொல்லனும் செய்ததில்லை. இலையை அவரே வாங்கிவந்தார். நான் குழம்புக்குப் புளி குறைகிறது, கடுகு இல்லை என்று சாக்கு மாற்றி மாற்றி ஓடினேன். ஒருநாள் கூடச் சத்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மூன்று வாரத்தில் அக்கா மலைக்குப் போய்விட்டார். புருஷன் வேலை செய்யும் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு ஒன்று காலியானதாம். அங்கே வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா இருக்கிறாராம். ஜீப்பு புறப்படுகிற இடத்துக்கு ஓடிப்போய்ச் சாவியை நீட்டினேன். மூட்டைகளுக்கு நடுவில் பாப்பா உட்கார்ந்திருந்தாள்.

"பூட்டத் தூக்கி எறிஞ்சுட்டேன் டீச்சர். இனி அது எதுக்கு? நீங்களே வச்சுக்கங்க" என்று சிரித்தார் அக்கா. ஒரு குறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பட்டியலைக் கழற்றி, கடைசி வரியைக் கறுப்பு மையால் அடித்தேன். "அத்தே, இனிமே ஏல நாள்லயும் பிள்ளைக வரும். காலையில ஒம்பதுலேருந்து சாயங்காலம் கிட்டங்கி விடுற வரைக்கும். இலையைப் பின்கட்டுல போட்டுக்கிருவோம்" என்றேன். பாத்திரங்கள் உருண்டன, ஒரு வாரம் பேச்சு நின்றது. தோட்டக்காரர்கள் பின்கட்டிலும் அதே பசியோடுதான் சாப்பிட்டார்கள். இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவுதான் என்று முன்பே தெரிந்திருந்தால், யாருக்காகத் திறந்தேனோ அவளுக்கு அந்தக் கதவு திறந்திருக்கும்.

இப்போது ஏல நாளில் ஆறு பிள்ளைகள் வருகிறார்கள், ஆறும் காய் பொறுக்குகிறவர்களின் பிள்ளைகள். எனக்குத்தான் இடுப்பு ஒடிகிறது. பின்கட்டில் பரிமாறிவிட்டு முன்னறைக்கு ஓடி, முன்னறையிலிருந்து பின்கட்டுக்கு ஓடி, எல்லாம் அதே நான்கு சுவருக்குள்தான். போன வெள்ளிக்கிழமை ஒரு வாயாடிச் சிறுமி முக்காலியில் ஏறி அந்தச் சாவியை எடுத்துவிட்டாள்.

"இது எந்த வீட்டுச் சாவி டீச்சர்?"

"நம்ம வீட்டுச் சாவிதான்டி."

அவள் வாசலுக்குப் போய், தாழ்ப்பாளில் தொங்கிய எங்கள் பெரிய பூட்டில் அதைச் செருகித் திருகிப் பார்த்தாள். "பொய் சொல்றீங்க டீச்சர். சேரவே மாட்டேங்குது" என்றாள்.

சேராதுதான். அன்றைக்கு ஏல நாள். கதவு திறந்தே கிடந்தது.